‘சுத்தமாப் பாத்துக்கல’ என்று சொல்லாதீர்கள்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய சில வாரங்களிலேயே அது கெட்டுப்போன வீடுகளில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று, ‘உடம்பு ஒத்துக்கல.’ இன்னொன்று, ‘வீட்டுல சுத்தமாப் பாத்துக்கல.’ முதல் வாக்கியம் நோயாளியின் உடம்பின் மேல் பழியைப் போடுகிறது. இரண்டாவது, அவனைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் மேல் போடுகிறது. அவள் தாயாக இருப்பாள், அல்லது மனைவியாக. மூன்றாவதாக ஒரு வாக்கியம் உண்டு. மருத்துவ நூல்களில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே மட்டும் அதை யாரும் சொல்வதில்லை: ‘சிறுநீரகத்தோடு கிருமியும் வந்தது. அது ரத்தக்குழாயை அரித்துவிட்டது.’

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு வாதத்துக்கு வருகிறேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று நான்கு வருடம் ஓட்டினான். பட்டியலில் காத்திருந்து, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது. ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் நாளுக்கு நாள் இறங்கியது. மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். அக்கா அந்த அறையை ஒரு நாளில் மூன்று முறை டெட்டால் ஊற்றித் துடைத்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தாள். பதினெட்டாம் நாள் அவனுக்கு வலது அடிவயிற்றில் வலி. அந்தப் பக்கத்துக் காலில் லேசான வீக்கம். காய்ச்சல் இல்லை. புறநோயாளிப் பிரிவில் பார்த்தவர்கள் தையல் வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இருபத்தொன்றாம் நாள் விடிவதற்கு முன்பே குளியலறை வாசலில் மயங்கி விழுந்தான். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. புதுச் சிறுநீரகத்தை எடுத்தால்தான் உயிரைக் காப்பாற்ற முடியும் என்றார்கள். எடுத்தார்கள். பிழைத்தான். பழைய டயாலிசிஸ் நாற்காலிக்கே திரும்பினான்.

ஐ.சி.யூ. வாசலில் ஒருவர் அக்காவிடம் கேட்டார்: “வெளியில ஏதாவது வாங்கிக் கொடுத்தீங்களாம்மா?” கொடுத்திருந்தாள். ஒரு சாயங்காலம் அவன் ஆசைப்பட்டான் என்று பாதி இளநீர். பொட்டாசியம் கூடும் என்பதற்காகக்கூட அதைத் தவிர்த்திருக்கலாம். அது வேறு விஷயம். ஆனால் அன்றைக்குக் கேட்ட அந்த ஒரு கேள்வியிலிருந்து இன்றுவரை, மகனின் சிறுநீரகத்தைத் தானே கொன்றதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். சொந்தக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாம் பக்கத்தில் வேறொன்று எழுதியிருந்தது: ஒட்டுத் தமனியின் இணைப்பில் மைகோடிக் சூடோ அனியூரிசம், எடுத்த திசுவில் கேண்டிடா. அதன் பொருளை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே அது புரிய ஒரு வருடம் படிக்க வேண்டியிருந்தது.

நான் மறுக்க வருவது அந்த நம்பிக்கையை. ஒட்டுறுப்பு பெற்றவருக்குத் தொற்று வந்தால் அது வீட்டிலிருந்து வந்தது, சாப்பாட்டிலிருந்து வந்தது, கை கழுவாததிலிருந்து வந்தது என்னும் நம்பிக்கை. இது பாமரர்களின் நம்பிக்கை மட்டுமல்ல. நோயாளிக்குக் கொடுக்கும் கையேடுகளைப் புரட்டிப் பாருங்கள். முகக்கவசம், காய்ச்சிய நீர், செல்லப்பிராணி கூடாது, கூட்டம் கூடாது என்று பக்கம் பக்கமாக வீட்டாரின் கடமைகள். தானம் தந்தவரின் உடலிலிருந்தோ, உறுப்பை எடுத்த மேசையிலிருந்தோ, அதைக் கொண்டுவந்த திரவத்திலிருந்தோ கிருமி வரலாம் என்பதற்கு ஒரு வரி இருக்காது.

கையேட்டில் இருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வாழ்கிறவருக்குச் சுத்தம் ஆயுள் முழுதும் தேவை. காசநோய் நம் ஊரில் இன்னும் காற்றில் இருக்கிறது. கெட்ட உணவு அவரைச் சாதாரண ஆளைவிட மோசமாகப் படுக்கவைக்கும். ஆனால் எந்தக் கிருமி எப்போது வருகிறது என்பதற்கு ஒரு கால ஒழுங்கு இருக்கிறது. பாஸ்டனைச் சேர்ந்த ஜே ஃபிஷ்மன் பல பத்தாண்டுகளாக எழுதி நிலைநிறுத்திய கால அட்டவணை அது. 2007இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த அவருடைய கட்டுரையை உலகெங்கும் சிறுநீரக மருத்துவர்கள் படிக்கிறார்கள். முதல் மாதத்துத் தொற்றுகள் பெரும்பாலும் தானம் தந்தவரிடமிருந்தோ, அறுவையிலிருந்தோ, மருத்துவமனையிலிருந்தோ வருபவை. ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை, அடங்கிக் கிடந்த வைரஸ்களும் சந்தர்ப்பம் பார்க்கும் கிருமிகளும் தலைதூக்கும் காலம். ஊரில் திரியும் சாதாரணத் தொற்றுகளின் முறை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது. இருபத்தொன்றாம் நாள் ரத்தக்குழாய் வெடித்தவனின் தாயிடம் இளநீரைப் பற்றிக் கேட்பது, இந்த அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பது.

ரத்தக்குழாய்க்குக் கிருமி எப்படிப் போகிறது என்று தெரிய, அந்த ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. புதியதை அடிவயிற்றில், இடுப்பெலும்பின் குழிவில் வைக்கிறார்கள். அதன் தமனியை, இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய தமனியோடு தைக்கிறார்கள். சிரையைச் சிரையோடும், சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையோடும் இணைக்கிறார்கள். ரத்தக்குழாயைக் கசியாமல் தைக்கும் கலையை உலகுக்குக் கொடுத்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சி காரெல். அதற்காக 1912இல் நோபல் பரிசு பெற்றார். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுக்கும்போது, சிறுநீரகத் தமனி கிளைக்கும் இடத்தில் மகாதமனியின் ஒரு வட்டத் துண்டையும் சேர்த்து வெட்டி எடுப்பது வழக்கம். இன்றும் அதற்குக் காரெல் ஒட்டு என்றே பெயர். அகலமான ஓரம் கிடைப்பதால் தையல் நன்றாக உட்காரும். நல்ல முறைதான். ஆனால் அந்த வட்டத் துண்டு இன்னொருவரின் வயிற்றுக்குள் திறந்து கிடந்த துண்டு.

அந்த வயிற்றுக்குள் அன்று என்ன நடந்தது? தானம் தந்தவர் விபத்திலோ மூளை ரத்தக்கசிவிலோ விழுந்து, பல நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர். மூச்சுக்குழாயில், சிறுநீர்ப்பையில், கழுத்துச் சிரையில் குழாய்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கிருமிகள் அந்தக் குழாய்களில் குடியேறியிருக்கும். உறுப்புகளை எடுக்கும் இரவில் கல்லீரலுக்கு ஒரு குழு, இதயத்துக்கு ஒரு குழு, சிறுநீரகத்துக்கு ஒரு குழு. நேரம் குறைவு. கணையத்தையோ கல்லீரலையோ எடுக்கும்போது குடலில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் போதும். நம்மில் பலருடைய குடலில் சாதுவாக வாழும் கேண்டிடா என்னும் ஈஸ்ட்டு வயிற்றுக்குள் கசியும். பிறகு சிறுநீரகம் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தில் மூழ்கி, ஐஸ் பெட்டியில் பயணமாகிறது. சுமார் 4 டிகிரிக் குளிரில் சிறுநீரகத்தின் செல்கள் பசியடங்கித் தூங்கும். கேண்டிடா அந்தக் குளிரில் சாவதில்லை. அந்தத் திரவத்தில் ஆன்டிபயாடிக் சேர்த்திருந்தால் பாக்டீரியாக்கள் சில சாகலாம். ஈஸ்ட்டுக்கு அது ஒன்றும் செய்யாது.

இனி வாங்கிக்கொண்டவரின் உடல். முதல் நாளிலிருந்தே எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் உச்ச அளவில் இருக்கின்றன. தையலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட ஈஸ்ட்டு தமனிச் சுவருக்குள் இறங்குகிறது. சுவரின் மீள்திறன் கொண்ட நார்களைத் தின்கிறது. தையல் தளர்கிறது. கசிந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு ஒரு பை போலப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பைக்குத் தமனிச் சுவர் கிடையாது என்பதால்தான் அதைச் சூடோ அனியூரிசம், அதாவது பொய் வீக்கம் என்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவில் ரத்தம் பாய்கிறது. பை கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கணக்கே போதும். கொடுமை என்னவென்றால், ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடுகிறது. அடிவயிற்று வலி, கால் வீக்கம், காரணமில்லாமல் இறங்கும் ஹீமோகுளோபின், திடீரென்று ஏறும் ரத்த அழுத்தம் அல்லது கிரியேட்டினின். இவற்றில் ஒன்று வந்தாலே அதிர்ஷ்டம். எதுவும் வராமலே வெடித்தவர்களும் உண்டு.

இதெல்லாம் ஊகம் என்பவர்களுக்காகப் பிரான்சில் செய்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1997 முதல் 2005 வரை அந்த நாட்டில் சிறுநீரக மாற்றுக்குப் பின் ஒட்டு இடத்தில் கேண்டிடா தொற்று வந்த 18 பேரைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார்கள். அவர்களில் 14 பேருக்குத் தமனியே தாக்கப்பட்டிருந்தது. பெரும்பாலோர் அந்தச் சிறுநீரகத்தை இழந்தார்கள். 3 பேர் இறந்தார்கள். தானம் தந்தவரிடமும், பாதுகாப்புத் திரவத்திலும், வாங்கிக்கொண்டவரிடமும் கிடைத்த ஈஸ்ட்டுகளின் மரபணு அடையாளத்தை ஒப்பிட்டபோது ஒன்றோடொன்று பொருந்தின. உறுப்பை எடுக்கும்போதே கறைபட்டிருக்கிறது என்பது அவர்கள் எழுதிய முடிவு. 2009இல் வெளிவந்த ஆய்வு அது. இத்தனை வருடம் கழித்தும் ஐ.சி.யூ. வாசலில் இளநீரைப் பற்றித்தான் கேட்கிறோம்.

ரத்தக்குழாயே நோயைச் சுமந்து போகும் என்பதற்கு இன்னும் கொடிய சாட்சி 2004இல் அமெரிக்காவில் கிடைத்தது. வெறிநாய்க்கடி நோய் இருப்பது தெரியாமல் ஒருவரின் உறுப்புகளைத் தானமாக எடுத்தார்கள். கல்லீரல் ஒருவருக்கு, சிறுநீரகங்கள் இருவருக்கு. மூவரும் ரேபிஸால் இறந்தார்கள். நான்காவதாக இன்னொருவரும் இறந்தார். அவருக்குப் போனது வேறொருவரின் கல்லீரல். ஆனால் அந்த அறுவையில் குழாயை நீட்டித் தைக்க, சேமித்துவைத்திருந்த இந்த முதல் மனிதரின் தமனித் துண்டைப் பயன்படுத்தியிருந்தார்கள். சில சென்டிமீட்டர் நீளத் தமனி. அந்த நால்வரின் சமையலறைகளையும் எவ்வளவு துருவினாலும் என்ன கிடைத்திருக்கும்?

பணம் கொடுத்துச் சிறுநீரகம் வாங்கத் தெற்காசிய நாடுகளுக்கு வந்து, ஆபரேஷன் முடிந்த கையோடு சொந்த நாட்டுக்குத் திரும்பியவர்களின் கதையும் இதையே சொல்கிறது. ஆஸ்பெர்ஜிலஸ், மியூக்கர் போன்ற பூஞ்சைகள் அவர்களுடைய ஒட்டுத் தமனியைத் தாக்கியதை மருத்துவ இதழ்கள் பல முறை பதிவு செய்திருக்கின்றன. வெவ்வேறு நாடு, வெவ்வேறு வீடு, வெவ்வேறு சாப்பாடு. பொதுவாக இருந்தது அவர்கள் படுத்த அறுவை மேசையின் தரம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்று நாம் அலறினோமே, அதுவே மியூக்கர். கண்ணையும் தாடையையும் அது பறித்தது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்ததால்தான். அதே குணம் ஒட்டிய சிறுநீரகத்திலும் அதற்கு உண்டு.

இப்போது அந்த ‘ஒத்துக்கல’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கேட்க மென்மையான சொல், யாரையும் நோகடிக்காது. எனக்கோ அதுதான் ஆபத்தான சொல்லாகப் படுகிறது. உடம்பு ஒட்டுறுப்பை நிராகரிப்பது ஒன்று. கிருமி அதன் குழாயை அரிப்பது முற்றிலும் வேறு. இரண்டிலும் கிரியேட்டினின் ஏறும், அடிவயிறு வலிக்கும். சிகிச்சை மட்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கிறது. நிராகரிப்பு என்றால் ஸ்டீராய்டை நாளங்களில் பெரிய அளவில் ஏற்றுவார்கள், எதிர்ப்பாற்றலை இன்னும் அடக்குவார்கள். அடியில் இருப்பது கேண்டிடாவோ சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவோ என்றால், அந்த ஊசி ஒவ்வொன்றும் கிருமிக்கு ஊட்டிய சோறு. எனவே கிரியேட்டினின் ஏறியதும் ‘ஒத்துக்கல’ என்று முடிவுகட்டும் பழக்கம், வார்த்தைப் பிழையோடு நிற்பதில்லை. டாப்ளர் ஸ்கேன் ஒன்றை அன்றைக்கே எடுத்திருந்தால் குழாயருகே சுழலும் ரத்தம் தெரிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஆஞ்சியோ. அக்கா மகனுக்குப் பதினெட்டாம் நாள் தேவைப்பட்டது அந்த ஒரு டாப்ளர்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த மைகோடிக் என்ற பெயரும் கொஞ்சம் குழப்புகிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். 1885இல் வில்லியம் ஆஸ்லர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது காளான் போலத் தோன்றிய வளர்ச்சியைத்தான் மனத்தில் வைத்திருந்தார். கிருமித் தொற்றால் வரும் தமனி வீக்கங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பாக்டீரியா. ஒட்டுச் சிறுநீரகத்தில் மட்டும் உண்மையாகவே பூஞ்சைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கூடவே சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆகியவையும். இவற்றில் பல, நம் ஐ.சி.யூ.க்களில் மருந்துக்கு அடங்காமல் வளர்ந்திருப்பதை இங்கே எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார்.

என் வாதத்துக்கு எதிராக மருத்துவ நண்பர்கள் மூன்று பதில்கள் சொல்கிறார்கள். மூன்றையும் நான் மதித்தே கேட்டேன்.

‘மிக அரிது’ என்பது முதல் பதில். உண்மை. தமனி இணைப்பில் வரும் பொய் வீக்கம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்றே நூல்கள் சொல்கின்றன. பிரெஞ்சு ஆய்வின் கணக்கில் கேண்டிடா தொற்று ஆயிரம் ஒட்டுக்கு ஒன்று. ஆனால் அரிது என்பது முன்கூட்டித் தேடாமலிருக்கக் காரணமாகலாம். வந்த பிறகு தாயைக் குற்றம் சொல்லக் காரணமாகாது. அதோடு, எண்ணாமல் இருந்தால் எதுவும் அரிதாகத்தான் தெரியும். அடிவயிற்றில் வெடித்து இறந்தவரின் இறப்புக் காரணம் ‘செப்சிஸ்’ என்றோ ‘ரத்தக்கசிவு’ என்றோ எழுதப்படுகிறது. பாதுகாப்புத் திரவத்தை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பாத இடத்தில் திரவத்தில் கிருமி இருந்ததற்கான பதிவும் இருக்காது. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீரக மாற்றுகள் நடக்கின்றன. பெரும்பாலானவை உயிரோடிருக்கும் உறவினர் தருபவை. அவற்றில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மூளைச்சாவு தானத்தைப் பெருக்க வேண்டும் என்பதுதான் நம் கொள்கை. அது பெருகும்போது இந்த ஆயிரத்தில் ஒன்றும் பெருகும்.

‘திரவத்தைக் கல்ச்சர் செய்தால் பாதிக்குப் பாதி ஏதாவது வளரும், பெரும்பாலும் தோலில் இருக்கும் சாதுவான கிருமி, அதற்கெல்லாம் மருந்து கொடுக்க முடியுமா’ என்பது இரண்டாவது. இதில் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லா மருந்தும் கொட்டினால் எதிர்ப்புக் கிருமிகள்தான் வளரும். நான் கேட்பதும் அதுவல்ல. தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்தால் பொறுத்துப் பார்க்கலாம். கேண்டிடா வளர்ந்தால் பொறுக்கக் கூடாது. மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா வளர்ந்தால் பொறுக்கக் கூடாது. எந்த இனக் கேண்டிடா என்றும் பார்க்க வேண்டும். 2009இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இன்று நம் ஐ.சி.யூ.க்களில் பரவலாக இருக்கிறது. ஃப்ளூகோனசோல் மாத்திரை அதனிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. பிரித்துப் பார்த்து முடிவெடுப்பது கடினமான வேலை என்பதற்காகப் பார்க்காமலே விட்டுவிடுவது எந்த மருத்துவ நூலிலும் இல்லாத முறை.

உண்மையான சிக்கல் கல்ச்சரில் இல்லை, அதன் காலத்தில் இருக்கிறது. சிறுநீரகம் ஐஸ் பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. கேண்டிடா வளர்ந்து தெரிய இரண்டு, மூன்று நாள் ஆகும். ஆக, ரிப்போர்ட் வரும்போது சிறுநீரகம் ஏற்கெனவே இன்னொருவரின் உடலுக்குள் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டிருக்கும். அந்த ரிப்போர்ட் யாருடைய மேசைக்குப் போகிறது? அதைவிட முக்கியமான கேள்வி: ஒரே கொடையாளரின் இரண்டு சிறுநீரகங்கள் இரண்டு ஊர்களில் இரண்டு மருத்துவமனைகளுக்குப் போயிருக்கும். ஓரிடத்தில் ஒருவருக்குக் கேண்டிடா என்று தெரிந்தால், மற்ற ஊரிலிருக்கும் மருத்துவருக்கு அன்றே போன் போகிறதா? அமெரிக்காவில் கொடையாளர் வழித் தொற்று என்ற சந்தேகம் எழுந்தாலே 24 மணி நேரத்துக்குள் தேசிய வலையமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அங்கேயும் தவறுகள் நடக்கின்றன. ஆனால் தவறு நடந்தால் எந்தக் கண்ணியில் நடந்தது என்று தேட ஒரு சங்கிலி இருக்கிறது. அக்கா மகனுக்குச் சிறுநீரகம் தந்தவரின் இன்னொரு சிறுநீரகம் யாரோ ஒருவரிடம் இருக்கிறது, அல்லது இருந்தது. அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்டோம். பதில் வரவில்லை. திரவத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார்களா என்றும் கேட்டோம். அதற்கும் பதில் இல்லை.

மூன்றாவது பதில்தான் என்னை நீண்ட நாள் எழுதவிடாமல் தடுத்தது. ‘இதையெல்லாம் வெளியே சொன்னால் உறுப்புக்கொடைமேல் மக்களுக்குப் பயம் வந்துவிடும்.’ உறுப்புக்கொடையில் தமிழ்நாடு பட்ட பாடு எனக்குத் தெரியும். சிறுநீரக விற்பனையால் வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பெயர் வந்த காலத்தைத் தாண்டி, 1994இல் வந்த சட்டத்தைத் தாண்டி, 2008இல் மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டம் இங்கே வேர்பிடித்தது. மகனை விபத்தில் இழந்த நிலையிலும் அவன் உறுப்புகளைக் கொடுத்த பெற்றோரின் செயல் அந்த ஆண்டு மாநிலத்தையே உலுக்கியது. 2023இல் உறுப்புக்கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதைப் படித்த அன்று நான் அழுதேன். இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என் அக்கா மகன் பட்டியலில்கூட இருந்திருக்க மாட்டான். அதனால்தான் சொல்கிறேன்: பயத்தை வளர்ப்பது உண்மையல்ல, மறைத்த உண்மை பிறகு வெளிவருவதுதான். கொடையாளரின் குடும்பம் தந்த உறுப்பைக் கண்ணியமாக நடத்துவது என்றால், அதைச் சுமந்து வந்த திரவத்தில் என்ன வளர்ந்தது என்று பார்ப்பதும் அந்தக் கண்ணியத்தில் சேர்த்திதான். கொடையாளரின் மேலும் இதில் ஒரு குற்றமும் இல்லை. குடலில் கேண்டிடாவோடு வாழ்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பழியை அறுவை மருத்துவரின் கைக்கு மாற்றிவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. ‘குழாய் வெடித்தது என்றால் தையல் சரியில்லை’ என்று கோர்ட்டுக்குப் போகத் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். மிகச் சிறந்த தையலையும் ஈஸ்ட்டு தின்னும். வெடித்த இரவில் சிறுநீரகத்தை எடுத்தது தவறு என்பவர்களுக்கும் அதே பதில். தொற்று பிடித்த தமனியில் ரத்தம் கொட்டும்போது பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு, காலுக்கு ரத்தம் போக வேறு வழி அமைப்பதுதான் உயிர் காக்கும். முன்கூட்டியே கண்டுபிடித்த சிலருக்கு, தொற்றுப் பிடித்த பகுதியை வெட்டி எடுத்து வேறு சிரைத் துண்டால் தைத்தோ, உள்ளே ஸ்டென்ட் வைத்து நேரம் வாங்கியோ, வாரக்கணக்கில் பூஞ்சைக் கொல்லி மருந்து கொடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தச் ‘சில’ருக்குள் வர வேண்டுமானால் பதினெட்டாம் நாள் வலியைப் பதினெட்டாம் நாளே நம்ப வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூளைச்சாவு கொடையாளரிடமிருந்து வரும் ஒவ்வொரு சிறுநீரகத்தின் திரவமும் கல்ச்சருக்குப் போகட்டும். அதன் முடிவு டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக எழுதப்படட்டும். கேண்டிடா வந்தால் இரண்டு சிறுநீரகங்களுக்கும் உரிய மருத்துவமனைகளுக்கும் அன்றே தகவல் போகட்டும். மருந்து அன்றே தொடங்கட்டும். வாரம் ஒரு டாப்ளர் எடுக்கட்டும். நோயாளிக் கையேட்டில், முகக்கவசத்துக்கும் காய்ச்சிய நீருக்கும் முன்னால், முதல் மூன்று மாதத்தில் ஒட்டு இடத்தில் வலியோ, அந்தப் பக்கத்துக் காலில் வீக்கமோ, தலைசுற்றலோ வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஸ்கேன் கேட்டு வாங்குங்கள் என்று கொட்டை எழுத்தில் அச்சிடட்டும். இதைப் படிக்கும் யாராவது அப்படியோர் அறையில் மகனையோ கணவரையோ பார்த்துக்கொண்டிருந்தால், மாத்திரைகளை ஒரு வேளைகூட விடாதீர்கள், சுத்தத்தையும் விடாதீர்கள். கூடவே, “திரவத்தோட கல்ச்சர் ரிப்போர்ட் வந்துடுச்சா டாக்டர்?” என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அக்கா இன்றும் தெருமுனையில் இளநீர் வண்டியைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போகிறாள். அக்கா, இதை உனக்காகத்தான் எழுதினேன். வயிற்றுக்குப் போன அந்தப் பாதி இளநீருக்கு, அவன் இடுப்புத் தமனியில் போட்ட தையலுக்குப் போகும் வழியே கிடையாது.